பன்னிரண்டு வாட்டிலும் கருகிய மாம்பழம்

பதினாறில் வைத்தேன், கருகியது. பதினான்கில் வைத்தேன், கருகியது. பன்னிரண்டுக்கு இறக்கினேன். அப்போதும் அந்தக் கருகல் தொண்டைக்குள் வந்து குந்திக்கொண்டது. எங்கள் கட்டிடத்துக்கு அடியில், கெல்லரில், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சனியனைப் பார்த்து, "உனக்கு என்னதான்டா வேணும்?" என்று வாய்விட்டே கேட்டேன். அதன் சின்னத் திரையில் 12.0 என்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சிகரெட்டை விடுவதற்காக வாங்கிய கருவி அது. வேப் என்கிறார்கள். ஒரு சின்னத் தொட்டி, தொட்டிக்குள் வாசனை போட்ட லிக்விட், அதன் அடியில் பஞ்சு சுற்றிய ஒரு கம்பிச்சுருள். அந்தச் சுருளுக்குப் பெயர் காயில். பொத்தானை அழுத்தினால் கம்பி சூடாகும், பஞ்சில் ஊறிய லிக்விட் ஆவியாகும், அதை இழுக்கவேண்டும். எவ்வளவு சூடு என்பதை வாட் கணக்கில் கூட்டலாம், குறைக்கலாம். பஞ்சு ஈரமாக இருந்தால் மாம்பழம் மணக்கும். காய்ந்திருந்தால் கருகும். ஒருமுறை பஞ்சு கருகினால் அவ்வளவுதான், பிறகு தேனை ஊற்றினாலும் கருகல்தான் வரும். காயிலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடவேண்டும். நான் எறிந்த காயில்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மாலை கட்டியிருக்கலாம்.

நான் ஒரு பெண். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிப் படிக்க அனுப்பிவிட்ட வயதுக்காரி. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவள். சிகரெட் பத்துகிறவள். முகம் சுளிக்க வேண்டியவர்கள் இந்த இடத்தில் சுளித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

ஜெர்மனியில், ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில்தான் எனக்கு வேலை. அங்கேதான் பழகினேன். கூடாத சேர்க்கை என்று நினைக்கவேண்டாம், என் இடுப்பு, இந்த நாரி நோவுதான் காரணம். எங்கள் இல்லத்தில் புகைக்கிறவளுக்கு ஐந்து நிமிடம் வெளியே போய் நிற்கலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். புகைக்காதவளுக்கு அந்த ஐந்து நிமிடத்தில் இன்னொரு கட்டில் விரிக்க வேலை வரும். நானும் விரித்தேன், கன காலம் விரித்தேன். ஒருநாள் ஒரு ஜெர்மன்காரி வெளியே போகும்போது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோடு நிறுத்தி ஒன்றைக் கொளுத்திக் கையில் தந்தாள். குளிர்காற்று, குனிந்து நொந்த நாரிக்கு ஒரு ஆறுதல், யாரும் மணி அடித்துக் கூப்பிடாத ஐந்து நிமிடம். அதற்காகத்தான் தொடங்கினேன், பிறகு சிகரெட்டே என்னைப் பிடித்துக்கொண்டது.

வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவிட்டால்தானே! கராம்பு சப்பினேன். உடுப்பை மாற்றினேன். சாம்பிராணி போட்டேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இல்லாத நாட்களிலும் சாம்பிராணி மணப்பதைப் பார்த்து, என்னைப்போல பக்தியான பெண் ஹம்மிலேயே இல்லை என்று சனம் பேசிக்கொண்டது.

பிறகு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. மாதக்கணக்காகக் காத்திருந்து ஒரு சுவாசப்பை வைத்தியரிடம் தெர்மின், அதாவது பார்க்க ஒரு நேரம், கிடைத்தது. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருத்திக் குழாயில் ஊதச் சொன்னார்கள். ஊதினேன். இன்னும், இன்னும் என்றாள் அங்கே வேலை செய்த பிள்ளை. இன்னும் எங்கே இருக்கிறது எனக்கு? வைத்தியர் கணினியைப் பார்த்தபடியே சொன்னார்: போனது போனதுதான், திரும்பி வராது. சிகரெட்டை இன்றே விட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாம். எல்லாவற்றையும் விடுவதுதான் நல்லது, ஏலாவிட்டால் வேறு எதைப் பிடித்தாவது சிகரெட்டை விடு. விடாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

எங்கள் இல்லத்தில் ஒரு அம்மா இருந்தார். பழைய தலைமயிர் அலங்காரக்காரி, நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவர். அவர் மூக்கில் ஒட்சிசன் குழாய். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போவதென்றால் அந்தக் குழாய் நிலத்தில் இழுபட்டுக்கொண்டே பின்னால் வரும். கட்டில் காலில் சிக்காமல் நான் அதைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். பாதி வழியில் நிற்பார். மூச்சு வாங்கும். "நான் இருபது வயதில் எவ்வளவு அழகாகப் புகைப்பேன் தெரியுமா?" என்று ஒருநாள் சொன்னார். வைத்தியரின் அறையில் இருந்தபோது எனக்கு அந்தக் குழாய்தான் கண்ணுக்குள் நின்றது. பயந்துபோனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் நின்று கதவுத் திறப்பைத் தேடுவதுபோலக் கைப்பையைக் கிண்டுவது என் வழக்கமாகிவிட்டிருந்தது. திறப்பு எப்போதும் கையில்தான் இருக்கும்.

ஆக, இந்தக் கருவி சரிவந்தால் நான் தப்பினேன். சரிவராவிட்டால் திரும்பவும் சிகரெட் பெட்டிதான், பெட்டிக்குப் பிறகு குழாய்தான். நிலைமை அப்படியிருக்க, இது ஒவ்வொரு முறையும் என் தொண்டையில் நெருப்பை வைத்தால் எனக்குக் கோபம் வருமா வராதா?

ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்த கடையில்தான் வாங்கினேன். கழுத்து வரைக்கும் கிளிகளைப் பச்சை குத்திய ஒருத்தி, என் வயதிருக்கும், பொறுமையாகத்தான் சொல்லித் தந்தாள். காயிலின் உடம்பிலேயே பன்னிரண்டு தொடக்கம் பதினாறு வாட் என்று எழுதியிருக்கிறது, அடியிலிருந்து தொடங்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, ருசி நன்றாக இருக்கிற இடத்தில் நிறுத்து. கருகினால் இறக்கு. புதுக் காயில் போட்டால் பஞ்சில் சில துளி விட்டு, தொட்டியை நிரப்பி, பத்து நிமிடம் ஊறவிடு. செய்தேன். சத்தியமாக அத்தனையும் செய்தேன். புதுக் காயில் முதல் நாள் மாம்பழம் தந்தது, இரண்டாம் நாள் கருகியது.

திரும்பப் போனேன். லிக்விட் இனிப்புக் கூடியது, இனிப்பு கம்பியில் பொறுக்குக் கட்டும் என்றாள். புதினாவுக்கு மாறினேன், கருகிய புதினா கிடைத்தது. புகையிலை வாசனைக்கு மாறினேன், கருகிய புகையிலை கிடைத்தது. அதற்கு நான் சிகரெட்டையே பத்தியிருக்கலாமே! திரும்பவும் மாம்பழத்துக்கு வந்தேன். இணையத்தில் தேடினால் ஒருவன் வாட்டைக் குறை என்கிறான், இன்னொருவன் குறைத்தது போதும் கூட்டு என்கிறான், மூன்றாமவன் தாடியைத் தடவிக்கொண்டு, காயில் என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேள் என்கிறான். நான் கேட்டேன். அது 'சர்' என்றது. அவ்வளவுதான் சொன்னது.

எனக்கு நெருப்பைப் பற்றித் தெரியாதா? ஹம்மில் பாதிக் குடும்பம் கறித்தூள் வாங்குவது என்னிடம். மல்லியை எந்த நிறத்தில் இறக்குவது, மிளகாயை எப்போது கொட்டுவது என்று மூக்காலேயே சொல்லுவேன். ஒரு நாளும் என் சட்டியில் தூள் கருகியதில்லை. அப்படிப்பட்டவளை ஒரு விரல்நுனிப் பஞ்சு இந்தப் பாடு படுத்துகிறதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒவ்வொரு காயில் கருகும்போதும் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பெட்டி. ஒன்றே ஒன்று என்று கொளுத்துவேன். ஒன்றோடு நின்ற சரித்திரம் உண்டா?

கடைக்காரி என்னிடம் எல்லாம் கேட்டாள், ஒன்றை மட்டும் கேட்கவில்லை. நீ இதை எங்கே வைக்கிறாய், எப்படி இழுக்கிறாய் என்று. ஜெர்மன்காரிக்கு அந்தக் கேள்வி தோன்றாது. வாங்கினவள் மேசையில் வைப்பாள், வேண்டும்போது எடுத்து இழுப்பாள், அவ்வளவுதான் அவளுடைய உலகம். எங்கள் கட்டிடத்தின் அடியில் வீட்டுக்கொரு கம்பி அடைப்பு இருக்கிறது, அதுதான் கெல்லர். அங்கே தேர்க்காலத்தில் மட்டும் எடுக்கிற பெரிய அண்டா கிடக்கிறது. அந்த அண்டாவுக்குள், ஒரு பழைய துவாயில் சுற்றி, படுக்கப் போட்டுத்தான் நான் அதை வைத்திருந்தேன். உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன். படியில் காலடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு மூன்று இழுவை இழுப்பேன், ஒன்று முடிவதற்குள் மற்றது. துவாயில் சுற்றி அண்டாவுக்குள் போட்டுவிட்டு, கராம்பைச் சப்பிக்கொண்டு மேலே ஏறுவேன். சிகரெட்டையும் நான் அப்படித்தான் குடித்துப் பழகியிருந்தேன். ஒளித்துக் குடிக்கிறவளுக்கு ஆறுதலாக, அவசரமில்லாமல் இழுக்கத் தெரியாது.

என் கணவர் செத்துப்போன ஒருவரின் அந்தியேட்டிக் கிரியைக்காகப் பாரிஸுக்குப் போனார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டில் நான் மட்டும். அன்று பின்னேரம் புதுக் காயில் போட்டு, ஊறவிட்டு, பால்கனி மேசையில் கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். யாருக்குப் பயம்? கதிரையில் சாய்ந்து இருந்து ஒரு இழுவை இழுத்தேன். கீழே போகிற சைக்கிள்களைப் பார்த்தேன். தேத்தண்ணி குடித்தேன். பிறகு இன்னொரு இழுவை. அட, இதுதான் மாம்பழமா! பதினான்கு வாட்டில் வைத்தேன், துணிந்து பதினைந்திலும் வைத்தேன். கருகவில்லை. அடுத்த நாளும் கருகவில்லை. அதற்கடுத்த நாளும். பெட்டியின் நினைப்பே வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன், பதினான்குதான் சரியான எண் என்று கடைக்காரிக்குப் போய்ச் சொல்லவேண்டும்போல இருந்தது.

அவர் வந்தார். கருவி அண்டாவுக்குப் போனது. மறுநாள் உடுப்புக் கூடையோடு இறங்கி, பதினான்கில் இருந்த அதே சாமானை எடுத்து மூன்று இழுவை இழுத்தேன். மூன்றாவதில் கருகியது. அதே காயில், அதே லிக்விட், அதே எண்!

அப்போதுதான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொட்டியில் பாதிக்குத்தான் லிக்விட் இருந்தது. கருவியைப் படுக்கவைத்தால் லிக்விட் ஒரு பக்கம் ஒதுங்கியது, பஞ்சுக்குப் போகிற ஓட்டை மற்றப் பக்கத்தில் காற்றில் கிடந்தது. இரவு முழுதும் இப்படிக் கிடந்தால் பஞ்சு காயாமல் என்ன செய்யும்? காய்ந்த பஞ்சில் நான் மூச்சுவிடாமல் மூன்று இழுவை இழுத்தால், பன்னிரண்டு என்ன, பாவம், அது எந்த எண்ணில்தான் தாங்கும்? மெசினுக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டேன். எண்ணில் ஒரு குற்றமும் இல்லை. இவ்வளவு நாளும் நான் அந்தப் பொத்தானோடு மாரடித்தது வீண்.

புதுக் காயில் போட்டு, ஒரு போத்தலுக்குள் நேராக நிறுத்தி அண்டாவுக்குள் விட்டுப் பார்த்தேன். காய்வது குறைந்தது. ஆனால் படியில் யாரோ செருமினால் போதும், என் வாய் தானாக அவசரப்படும், பஞ்சு ஊற நேரமிருக்காது, மாம்பழம் கருகும். இது நேராக நிற்க இடம் கேட்கிறது, ஆறுதலாக இழுக்க நேரம் கேட்கிறது. எங்கள் வீட்டில் எனக்கென்று இரண்டுமே கிடையாது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, கருவியைக் கொண்டுபோய் உப்புப் பேணிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"உதென்ன?" என்றார்.

"சிகரெட் பத்துறதை விடுறதுக்கு."

"ஆர் பத்துறது?"

"நான்தான்."

கத்தி நின்றது. அவர் கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், இரைச்சலுக்குள்ளேயே இருந்து பழகி வீட்டிலும் அளந்துதான் பேசுவார். "எப்ப தொடக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

"கன காலமா. வேலைத்தலத்தில பழகினது. இப்ப சுவாசப்பை பழுதாகத் தொடங்கிட்டுதாம். டொக்டர் சிகரெட்டை விடச் சொல்லிட்டார். உது இல்லாட்டி என்னால விட ஏலாது. ஒளிச்சு வைச்சா உது வேலை செய்யாது. அதுதான் சொல்லுறன்."

"அந்த இருமல் பூந்தூள் ஒத்துக்கொள்ளாம வந்தது எண்டெல்லோ சொன்னனீர்?"

"பொய் சொன்னனான்."

அவர் திரும்பவும் மீனை வெட்டினார். அன்று குழம்பில் மீன் துண்டுகளைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. அவ்வளவு சின்னதாக வெட்டியிருந்தார். ஒரு கிழமை முழுதும், சாப்பாடு இருக்கோ, கதவு பூட்டியாச்சோ என்பதைத் தவிர வேறு கதையில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தாத மனிதரோடு என்ன செய்வது?

பிறகு ஒருநாள், சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டே சொன்னார்: "சரி, வீட்டில வையும். ஆக்கள் வரேக்க மட்டும் எடுத்து உள்ளுக்கு வைப்பம்."

ஆட்கள் வரும்போது எடுத்து உள்ளே வைப்பது எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம். யாரோ தந்த வைன் போத்தல் உள்ளே போகும். நித்திரைக் குளிசை உள்ளே போகும். மணி அடித்ததும் வீட்டுக்குள் ஒரு ஓட்டம் ஓடி, கதவைத் திறக்கும்போது குங்குமமும் சிரிப்புமாக நிற்போம். சரி, இதுவும் அந்தக் கணக்கில் போகட்டும் என்று நான் சம்மதித்தேன். ஒரு நிபந்தனையோடு. கருவியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன்.

"இஞ்ச வடிவாப் பாருங்கோ. இந்த ஓட்டையாலதான் பஞ்சுக்கு லிக்விட் போறது. படுக்கப் போட்டா காத்துத்தான் போகும், பஞ்சு காஞ்சிடும். எடுத்து வைக்கிறதெண்டா நேரா வையுங்கோ. விளங்குதோ?"

"விளங்குது, விளங்குது," என்றார், விளங்காத குரலில்.

அதன்பிறகு சில கிழமைகள் நிம்மதி. உப்புப் பேணிக்குப் பக்கத்தில் புதுக் காயிலோடு அது நின்றது. வேலையால் வந்து, கை கால் கழுவி, பால்கனியில் இருந்து ஆறுதலாக இழுத்தேன். பெட்டி வாங்கவில்லை. சாம்பிராணிச் செலவும் குறைந்தது.

அப்போது தேர் வந்தது. ஹம்மின் ஓரத்தில் இருக்கிற ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்கு எங்கள் வீட்டிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். அதனால் ஹம்மில் வீடு வைத்திருக்கிறவர்களுக்குக் கோடையில் அது வீடு இல்லை, மடம். இந்த முறை டுசல்டோர்ஃபிலிருந்து மச்சாள் வந்தார், கணவரின் அக்கா. அவரைத் தூக்கி வளர்த்தவர். அவர் முன்னால் என் கணவர் இன்றைக்கும் கால்மேல் கால் போட்டு இருக்கமாட்டார்.

மச்சாள் வந்து இறங்கியபோது நான் வேலையில். வீட்டுக்கு வந்து பார்த்தால் உப்புப் பேணி தனியாக நிற்கிறது. நான் கண்ணால் கேட்டேன். அவர் நாடியால் படுக்கையறைப் பக்கம் காட்டினார். தேர் முடியும்வரை நான் அதைத் தேடவில்லை. விரத நாட்களில் தொடுவதில்லை என்று எனக்கும் அம்மனுக்கும் ஒரு பேச்சு. வெயிலில் நின்று, சனத்துக்குள் நெருங்குப்பட்டு, தேர் இருப்புக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தேன். இவ்வளவு தாங்கினவளுக்கு நாளைக்கு ஒரு இழுவை மாம்பழம் இருக்கிறது என்ற நினைப்புத்தான் என்னை நிறுத்தி வைத்தது.

மறுநாள் பின்னேரம், மச்சாள் முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, அலுமாரியைத் திறந்தேன். என் சேலைகளுக்கு நடுவில், துவாயில் சுற்றி, படுத்துக் கிடந்தது. லிக்விட் ஒழுகியிருந்தது. எதில்? என் கூறைச்சேலையில்! அரக்குப் பட்டில் உள்ளங்கை அளவு ஈரம், மாம்பழ மணம். அப்போதும் நப்பாசை விடவில்லை. யன்னலைத் திறந்துகொண்டு ஒரு இழுவை இழுத்தேன். அப்படி ஒரு கருகலை நான் அதற்கு முன் கண்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"நேரா வையுங்கோ எண்டு சொன்னனானெல்லோ?"

"நேரா வைச்சா அலுமாரி திறக்கேக்க தெரியும். அக்கா துவாய் எடுக்க வாறவ."

"அக்கா, அக்கா! மூச்சு எனக்கெல்லோ போகுது, அக்காவுக்கோ போகுது?"

"மெல்லக் கதையும். கேக்கப் போகுது."

மெல்லக் கதையும்! நான் கைப்பையை எடுத்துக்கொண்டு, பால் வாங்கிக்கொண்டு வாறன் என்று முன்னறைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

பால் கடைக்குப் போகவில்லை. எங்கள் தெரு முடக்கில் ஒரு சுவரில் சிகரெட் மெசின் இருக்கிறது. கடை பூட்டினாலும் அது பூட்டாது. வயதைச் சரிபார்க்க வங்கி அட்டையை விடச் சொல்லும். விட்டேன். பொத்தான்களில் வெளிச்சம் வந்தது. என்னுடையது எது என்று விரலுக்கே தெரியும், பார்க்கத் தேவையில்லை. விரல் பொத்தானில் தொட்டுக்கொண்டு நின்றது.

அந்த அம்மாவின் குழாய் நினைவுக்கு வந்தது. நல்ல புத்தி வந்து நான் விரலை எடுத்தேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். பொய் சொல்லக்கூடாது, வந்தது புத்தியில்லை, ஆத்திரம். ஒரு சாமான் அலுமாரியில் படுத்துக் கிடந்ததற்காக நான் என் சுவாசப்பையைக் கொடுக்கவேண்டுமா? டுசல்டோர்ஃபிலிருந்து வந்தவர் துவாய் எடுப்பார் என்பதற்காக நாளைக்கு என் குழாயை வேறொருத்தி தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கவேண்டுமா? போங்கடா! அட்டையை இழுத்து எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இரண்டாம் மாடியில் நின்றேன். கைப்பையைக் கிண்டவில்லை. கைபிடியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, மூச்சு வாங்குகிறவள் எப்படி நிற்பாளோ அப்படியே நின்றேன்.

உள்ளே போனபோது குசினி மேசையில் தேத்தண்ணி ஊற்றியிருந்தார் கணவர். தட்டில் வடையும் மோதகமும். மேசைக்கு வந்திருந்த மச்சாள் என் கையைப் பார்த்தார். "பால் எங்க?" என்றார்.

"வாங்கேல்லை மச்சாள்."

படுக்கையறைக்குப் போய்க் கருவியையும், லிக்விட் போத்தலையும், மிஞ்சியிருந்த கடைசிக் காயிலையும் எடுத்து வந்து, மோதகத் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு மேசையிலேயே இருந்தேன். கருகினதைக் கழற்றினேன். கணவரின் கண் என்னை மன்றாடியது. நான் பார்க்காததுபோலப் பஞ்சில் துளி துளியாக லிக்விட் விட்டேன்.

"உதென்ன, மருந்தோ?" என்றார் மச்சாள்.

"ஓம் அக்கா," என்று முந்திக்கொண்டார் கணவர். "சளிக்கு. டொக்டர் குடுத்தது."

நான் சும்மா இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். சளி மருந்து என்று சொல்லி அவர் முன்னாலேயே இழுத்திருக்கலாம். நாளைக்கு இன்னொருவர் வருவார், அவருக்கு இன்னொரு பொய். பொய் மறந்தால் திரும்ப அலுமாரி.

"சளிக்கு இல்லை மச்சாள்," என்றேன். "நான் சிகரெட் பத்துறனான். கன காலமா. அதை விடுறதுக்குத்தான் உது."

தொலைக்காட்சியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மச்சாள் என்னைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேற்றுத்தான் அம்மாளாச்சியிட்டப் போயிட்டு வந்த வீடு," என்றார் மச்சாள். "பொம்பிளையள் செய்யிற வேலையே உது? தம்பி, உனக்குத் தெரியுமோ?"

தம்பி ஒரு மோதகத்தை எடுத்துப் பிய்த்தார். தொட்டியை நிரப்பி மூடி, கருவியை மேசை நடுவில் நிறுத்தினேன். பத்து நிமிடம் ஊறவேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிடத்தை நான் கண்டதில்லை. மச்சாள் பேசிக்கொண்டே இருந்தார். எங்கட ஆக்கள், குடும்பம், நாளைக்குப் பிள்ளையளுக்குச் சம்பந்தம் பேச வாறவை. நான் ஒவ்வொன்றுக்கும், "ஓம் மச்சாள்", "உண்மைதான் மச்சாள்" என்றேன். எழும்பிப் போகவில்லை, கருவியைத் துவாயால் மூடவுமில்லை.

பத்து நிமிடம் ஆனது. வாட்டைப் பன்னிரண்டில் வைத்து, பொத்தானை அழுத்தி, ஆறுதலாக, மிக ஆறுதலாக ஒரு இழுவை இழுத்தேன். யன்னல் பக்கம் திரும்பி ஊதினேன். கருகவில்லை.

அந்த நேரம் பார்த்து முன்னறையில் என் தொலைபேசி அடித்தது. வெளியூரில் படிக்கிற மகனின் அழைப்பு. அவசரத்தில் கையில் இருந்ததை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். வாசல் நிலையில் நின்று, பிறகு எடுக்கிறேன் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். வடைத் தட்டோரத்தில் அது படுத்துக் கிடந்தது. இவ்வளவு கூத்தும் ஆடினவள், நானே அதைப் படுக்கப் போட்டிருந்தேன்.

கணவர் கையை நீட்டினார். எடுத்து உள்ளே வைக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதை நிமிர்த்தி, விழுந்துவிடாமல் தன் தேத்தண்ணிக் கோப்பையோடு அணைத்து வைத்தார். மச்சாள் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுத்துக் கிடந்தா பஞ்சு காஞ்சிடும், அக்கா," என்றார்.